விற்காத பேயா, விற்க விடாத பேயா?

ஃபேட்டல் ஃப்ரேம் என்ற ஜப்பானியப் பேய் வீடியோ கேம் சீரிஸ் பற்றிப் பேச்சு எடுத்தாலே கடைசியில் இந்த வரியில்தான் வந்து முடியும்: "நல்ல கேம்தான், ஆனா ஓடாதுங்க." இரண்டாம் பாகமான கிரிம்சன் பட்டர்ஃபிளையின் ரீமேக்கை 2025 செப்டம்பரில் அறிவித்தபோதும் இதையேதான் கேட்டேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. விற்காத சரக்கு வேறு, கடைக்கே வராத சரக்கு வேறு. இந்த சீரிஸுக்குப் பல வருடமாக நடந்தது இரண்டாவது.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக. கையில் துப்பாக்கி கிடையாது, ஒரு பழைய கேமரா மட்டும்தான். பேயைப் படம் பிடித்தால்தான் அது அடங்கும். தூரத்தில் இருந்து கிளிக் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது கிட்டே வந்து, முகம் கேமராக் கண்ணாடி முழுக்க நிறைந்து, நம் மேல் பாயப் போகிற அந்த நொடியில் அழுத்தினால்தான் சரியான அடி விழும். மற்ற ஹாரர் கேம்கள் ஓடச் சொல்லும், ஒளியச் சொல்லும். இது மட்டும்தான் பேய் பக்கத்தில் வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நில் என்கிறது. இரண்டாம் பாகத்தில் மியோ, மாயு என்று இரட்டைச் சகோதரிகள், வழி தப்பி ஒரு தொலைந்துபோன கிராமத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். இரட்டையரில் ஒருவர் மற்றவரின் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும் என்பது அந்த ஊர்ச் சடங்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அக்காவைத் தேடி அந்த வீடுகளுக்குள் நடக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கேம் கூட்டத்தை இழுக்காது என்பது ஓரளவு உண்மைதான். முதல் பாகம் 2001 இறுதியில் பிளேஸ்டேஷன் 2 கன்சோலில் வந்தது. அந்தக் காலத்திலும் விற்பனையில் இது ரெசிடென்ட் ஈவில் என்ற பிரபல ஹாரர் கேம் பக்கத்தில் நின்றதில்லை. பயம் தாங்காமல் நிறையப் பேர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள் என்பதால்தான், கடைசிவரை பார்க்க வைக்கிற மாதிரி 2003-இல் இரண்டாம் பாகத்தின் கதையில் கவனம் செலுத்தியதாக இயக்குநர் மகோட்டோ ஷிபாட்டாவே சொல்லியிருக்கிறார். அதிகம் பயமுறுத்தியதால் சந்தையை இழந்த பேய்க் கதை வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை!

ஆனால் 2005-இல் மூன்றாம் பாகம் வந்த பிறகு நடந்ததற்குப் பேய் பொறுப்பல்ல. நான்காம் பாகம் 2008-இல் நிண்டெண்டோவோடு சேர்ந்து, அவர்களுடைய வீ (Wii) கன்சோலுக்கு மட்டும் வந்தது. உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்ற கன்சோல் அது. அதில் வந்தும், ஜப்பானைத் தாண்டி இந்த கேமை வெளியிடவே இல்லை. பொறுத்துப் பார்த்த ரசிகர்கள் 2010-இல் தாங்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, எஸ்டி கார்டில் போடுகிற பேட்சாக, அதாவது கேமின் வசனத்தை மாற்றும் கூடுதல் கோப்பாக, இலவசமாகக் கொடுத்தார்கள். அசல் ஜப்பானிய டிஸ்க் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆக, டிஸ்க்கைக் காசு கொடுத்து இறக்குமதி செய்து, அதற்கு மேல் பேட்ச் போட்டு விளையாட ஆள் இருந்தார்கள். இதற்கு மேல் ஒரு நிறுவனத்துக்கு என்ன சான்று வேண்டும்?

அடுத்தது இன்னும் மோசம். ஐந்தாம் பாகம் 2014-இல் வீ-க்கு அடுத்து வந்த வீ யூ கன்சோலுக்கு வந்தது. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் உள்ள திரையையே கேமராவாகத் தூக்கிப் பிடிப்பது அருமையான யோசனைதான். ஆனால் அந்த கன்சோல் அதன் மொத்த ஆயுளில் விற்றதே சுமார் 1.36 கோடி. அமெரிக்காவுக்கு ஒரு வருடம் கழித்துப் போனது, அதுவும் டவுன்லோடாக மட்டும். ஊருக்கு ஊர் பெயர் வேறு: ஜப்பானில் ஜீரோ, ஐரோப்பாவில் ப்ராஜெக்ட் ஜீரோ, அமெரிக்காவில் ஃபேட்டல் ஃப்ரேம். இவ்வளவும் செய்துவிட்டு "மார்க்கெட் இல்லை" என்றால் எப்படி?

2021-இல் ஒருவழியாக எல்லா கன்சோல்களுக்கும், கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமுக்கும் வந்தது. வந்தது எது? அந்த ஐந்தாம் பாகம். பின்னாலேயே 2023-இல் நான்காம் பாகம். சீரிஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் மூன்றும் பழைய கன்சோல்களிலேயே தங்கிவிட்டன. புதிதாக வந்தவர் முதலில் பார்த்தது தரையில் கிடக்கும் ஒரு மருந்தை எடுக்கக் கை மெதுவாக நீளும் காட்சியை. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும், சில நேரம் பேயின் கை வந்து பிடித்துக்கொள்ளும். முதல் தடவை தூக்கிவாரிப் போடும். முப்பதாவது தடவை கொட்டாவிதான் வரும்.

ஜப்பானியக் கிராமத்துப் பயம் வெளியே எடுபடாது என்ற வாதமும் இனி நிற்காது. 2024-இல் இன்னொரு ஜப்பானிய ஹாரர் சீரிஸான சைலன்ட் ஹில்லின் இரண்டாம் பாக ரீமேக் சில நாட்களிலேயே 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அடுத்த வருடம் 1960-களின் ஜப்பானில் நடக்கிற சைலன்ட் ஹில் எஃப் அதே எண்ணிக்கையை இன்னும் வேகமாகத் தொட்டது. அதற்காக ஃபேட்டல் ஃப்ரேமும் அப்படி ஓடும் என்று சொல்ல மாட்டேன். சைலன்ட் ஹில்லுக்குக் கேம் ஆடாதவர்களிடமும் பெயர் இருக்கிறது, இதற்கு இல்லை. ஒப்பிட எனக்குப் பொருத்தமாகப் படுவது ட்ரெட்அவுட் என்ற கேம். இந்தோனேசியாவின் ஒரு சிறு குழு, இதே கேமரா யோசனையைச் செல்போனுக்கு மாற்றி 2014-இல் வெளியிட்டது. அதற்கு இரண்டாம் பாகம் வந்தது, சினிமாவும் வந்தது. அளவான செலவில் எடுத்தால் இந்த வகைக்கு ஆள் உண்டு.

ரீமேக்கில் என் கவலையும் அந்த அளவைப் பற்றித்தான். அதை எடுப்பது டீம் நிஞ்ஜா என்ற கேம் தயாரிப்புக் குழுவினர். சண்டையில் கெட்டிக்காரர்கள், அதுவே பயமாகவும் இருக்கிறது. நடையை வேகமாக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேயிடமிருந்து தாவித் தப்பிக்க முடிந்தால் அப்புறம் கேமரா எதற்கு? பாத்திரங்களுக்கான உடைகளைத் தனியாகக் காசுக்கு விற்கிற இந்த டிஎல்சி வியாபாரத்தையும் கொஞ்சம் நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். கழுத்தை நெரிக்கிற சடங்குக்கு நடுவே ஃபேஷன் ஷோ யார் கேட்டது?

ஒன்றாவது, மூன்றாவது பாகங்களுக்கு ரீமேக் எல்லாம் வேண்டியதில்லை. கன்ட்ரோலைச் சரிசெய்து, இரண்டையும் ஒரே தொகுப்பாக, முழு விலை வைக்காமல் எல்லா தளங்களிலும் போட்டால் போதும். முதல் நாளே வாங்குவேன்.