கேமரா எடுத்தாலே கவனம் வந்துவிடுமா?
‘கேமராவைக் கையில் எடுத்தாலே மனம் இந்தக் கணத்துக்கு வந்துவிடும்’ என்று, கவனத்தோடு படமெடுப்பது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருட்கள், வெறுமனே பார்த்த பொருட்களைவிடக் குறைவாகவே நினைவில் நின்றன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மிக்சாங் என்ற தியானப் புகைப்பட முறையிலும் ஒரு நிறமோ நிழலோ சட்டென்று கண்ணை நிறுத்த வேண்டும், அதோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அப்புறம்தான் கேமரா. அந்த நடுப்பகுதியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறோம். எடுத்த படத்தை உடனே திரையில் சரிபார்ப்பதை விட்ட பிறகுதான், சுவரில் வெயில் நகர்வதை என்னால் பொறுமையாகப் பார்க்க முடிகிறது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் நல்ல லென்ஸ் வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். இதற்கு போனே தாராளம்.