அரண்மனைக்காரத் தெருவில் படுத்திருப்பவர்கள்

பாரிமுனையில் இருக்கும் அரண்மனைக்காரத் தெருவுக்கு அந்தப் பேர் வந்தது எந்த அரண்மனையாலும் இல்லை. அங்கே குடியிருந்த ஆர்மீனியர்களைத்தான் நம் சனங்கள் வாய்க்கு வந்தபடி அரண்மனைக்காரர் ஆக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியார் கோவிலுக்கு அவ்வளவு கூட்டம் வருகிற தெரு. ஆனால் அதே தெருவில் இருக்கும் ஆர்மீனிய மாதா தேவாலயத்துக்குள் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

முதலில் 1712இல் கட்டியது, இப்போது நிற்பது 1772இல் எழுந்தது. உள்ளே போனால் முற்றத்திலும் நடைபாதையிலும் கல்லறைகள்தான், சுமார் 350 பேர், புரியாத எழுத்தில் பெயர் வெட்டிய கற்கள், மிதிக்காமல் நடக்கப் பார்த்தாலும் முடியாது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1600களின் தொடக்கத்தில் ஊரோடு பெயர்த்துக் கொண்டுபோய் தன் தலைநகர் இஸ்பஹான் பக்கம் குடியேற்றிய சனங்களின் வாரிசுகள் இவர்களில் பலர். பட்டும் மணிக்கற்களும் விற்று ஊர் ஊராய்ப் போனவர்கள்.

இவர்களை ‘வியாபாரத்துக்கு வந்து போனவர்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே போனார்கள்? இங்கேதானே படுத்திருக்கிறார்கள். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியது கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி, சொந்தக் காசில். பரங்கிமலைப் படிகளும் அவர் போட்டுக் கொடுத்ததுதான். அவர் கல்லறை வேப்பேரியில் இருக்கிறது.

அப்புறம், உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை எங்கே அச்சானது தெரியுமா? நம்ம மெட்ராஸில், 1794இல். பேர் ‘அஸ்தரார்’. நடத்தியவர் ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். 1824இல் இறந்த அவரும் இந்த முற்றத்தில்தான் இருக்கிறார். ஒரு மொழியின் முதல் பத்திரிகை பிறந்த ஊர் என்பது சின்ன விஷயமா? நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் வேண்டும். அந்தக் கல்லறை வாசகங்கள் ஒவ்வொன்றையும் தமிழில் பெயர்த்துப் புத்தகமாகப் போட வேண்டும். ஆர்மீனியமும் தமிழும் தெரிந்த ஒருவர் கிடைத்தால் போதும், மற்ற வேலைக்கு நான் வருகிறேன்.

இன்று சென்னையில் ஆர்மீனியர்கள் அநேகமாக இல்லை. கல்கத்தாவில் இருக்கும் அவர்களுடைய சபைதான் இடத்தைப் பராமரிக்கிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள், இரண்டு 1837இல் லண்டனில் வார்த்தவை. இன்னொன்றில் இருப்பது தமிழ் எழுத்து.