எட்டு உறை ஆழம்

2016-ல் துறையூர் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் கழிப்பறை கட்டினோம். தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் வந்தது, மிச்சத்தை நான் அனுப்பினேன். டைல்ஸ் என்ன நிறம் என்று அம்மாவோடு போனில் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். குழியைப் பற்றிப் பேசியது ஒரு நிமிடம். "சின்னதா ரெண்டு குழி போடச் சொல்றாங்க தம்பி. அதெல்லாம் ஒரு வருசத்துல ரொம்பிரும். எட்டு உறை இறக்கிருவோம், உங்க பேரன் காலம் வரைக்கும் கவலை இல்ல" என்றார் கொத்தனார். உறை என்றால் குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் சிமென்ட் வளையம். சரிண்ணே, இறக்கிருங்க என்றேன். அந்தச் 'சரி'யைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பேரன் காலம் எங்கே? 2019 ஐப்பசி மழையிலேயே ஊற்றிய தண்ணீர் இறங்காமல் பேசினில் நின்றது. லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுத்தோம். லாரி எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. காசு கொடுத்தாயிற்று, நாற்றம் போயிற்று. அது ஏரிக்குள் இறங்கி ஓஸைத் திறந்துவிட்டதை ஆடு மேய்க்கப் போன சித்தப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதே ஏரித் தண்ணீரில்தான் அவருடைய ஆடுகள் வாய் வைக்கும்.

2021-ல் ஊருக்குத் தண்ணீர் பரிசோதிக்க வந்தவர்களிடம் ஒரு சின்னக் குப்பி வாங்கினேன். ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி என்பார்கள். கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட வேண்டும். மலக் கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். எங்கள் கொல்லை போர் தண்ணீர் மறுநாள் காலையிலேயே மை மாதிரி ஆகிவிட்டது. "கண்ணாடி மாதிரி இருந்த தண்ணிடா" என்று அம்மா நம்பவே இல்லை. குழிக்கும் போருக்கும் இடையே பதினைந்தடி. இரண்டையும் போட இடம் காட்டியது நான்தான்.

ஆழமாகப் போட்டால் பத்திரம் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். மலம் விஷயத்தில் இது தலைகீழ். காற்றும் நுண்ணுயிரும் இருக்கிற மேல் மண்தான் அதைச் செரிக்கும், வடிகிற தண்ணீரையும் வடிகட்டும். எங்கள் பக்கம் நாலைந்து அடி செம்மண், அப்புறம் சுக்கான் கல், அதற்குக் கீழே வெடிப்பு விட்ட பாறை. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் எங்கேயும் வடிகட்டப்படாமல் ஓடும். எட்டு உறை இறக்கினோம் என்றால், மண்ணைத் தாண்டிப் பாறை வெடிப்பிலேயே கொண்டுபோய் ஊற்றினோம் என்று அர்த்தம்.

கொத்தனார் வேண்டாம் என்ற அந்த இரண்டு குழி முறை எவ்வளவு யோசித்துச் செய்தது என்று பிறகுதான் புரிந்தது. வட்டக் குழி, ஒரு மீட்டர் அகலம், ஏறக்குறைய அதே ஆழம். சுற்றுச் சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும், அடியில் பூசக் கூடாது. தண்ணீரும் வாயுவும் மண்ணுக்குள்ளேயே போய்விடும் என்பதால் காற்றுக் குழாய்கூட வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகு ஓர் ஆளுக்கு வருடத்துக்கு மிஞ்சுவது சுமார் 40 லிட்டர்தான். ஐந்து பேர் வீட்டுக்கு 200 லிட்டர். அந்தச் 'சின்ன' குழியின் கொள்ளளவு ஏறக்குறைய 780 லிட்டர். மூன்று வருடம் கழித்துத்தான் பக்கத்துக் குழிக்கு மாற்றிவிட வேண்டியிருக்கும். நிரம்பியது ஒன்றரை, இரண்டு வருடம் மூடிக் கிடந்தால் வாடையில்லாத கறுப்பு மண்ணாகிவிடும். இந்தக் கணக்கை 2016-ல் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை.

போட்டிருந்தாலும் கேட்டிருப்போமா என்று சந்தேகம்தான். 2014-ல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். நல்ல நிலையில் கழிப்பறை இருக்கிற வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேல் யாராவது ஒருவர் வெளியேதான் போய்க்கொண்டிருந்தார். குழி சீக்கிரம் நிரம்பிவிடுமே என்ற பயம் அதற்கு ஒரு காரணம். நிரம்பினால் என்ன, அள்ளலாமே என்று கேட்டால் அங்கேதான் விஷயம் வெளியே வரும். யார் அள்ளுவது?

எங்கள் ஊரிலும் கேள்வி அதுதான், யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்த வேலைக்கென்று ஒரு சாதியை ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. இன்று அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், நல்லது. வீட்டுக்காரர்கள் நாம் மட்டும் மாறவில்லை. நம் மலம் மண்ணான பிறகும் நாம் தொட மாட்டோம். அதனால் நம் ஆயுளுக்கு நிரம்பாத குழி வேண்டும். எட்டு உறை, பத்து உறை, வசதி இருந்தால் வீட்டுக்கு அடியில் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டி. அதுவும் ஒருநாள் அடைக்கும், அன்றைக்கு யாரையாவது உள்ளே இறங்கச் சொல்வோம். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏற வேண்டியிருக்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்.

2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பக்கம் கங்கதேவிப்பள்ளியில், மத்திய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் இரட்டைக் குழி ஒன்றில் இறங்கி மட்கியதை அள்ளி வெளியே போட்டார். போட்டோவுக்காகச் செய்ததுதான், இருக்கட்டும். 10 கோடிக்கு மேல் கழிப்பறை கட்டியதாகச் சொல்லும் திட்டத்தில், குழிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டியதாக எனக்கு நினைவிருப்பது அந்தப் படம்தான். சுவர் விளம்பரமெல்லாம் பெண் மானத்தையும் கதவையும் பற்றித்தான். குழியைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு சுவரிலும் எழுதவில்லை.

எல்லா ஊருக்கும் இரட்டைக் குழி சரிவராது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் முசிறி இருக்கிறது, காவிரிக் கரை, தோண்டினால் தண்ணீர். அங்கே குழி போட்டால் நேராக ஊற்றில்தான் கலக்கும். அதனால் அங்கே மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகச் சேர்த்து, சாம்பல் தூவிக் காயவிடும் கழிப்பறையைத் தரைக்கு மேலேயே கட்டினார்கள். கழிப்பறைக்கு வந்து போகிறவர்களுக்குச் சின்னத் தொகை கொடுத்துப் பழக்கியதும் அங்கேதான். அந்த வேலையை முன்னின்று செய்த மாராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மண்ணைப் பார்த்துக் குழி போட வேண்டும் என்பதற்கு இவ்வளவு பக்கத்தில் உதாரணம் இருந்தும், பஸ் ஏறிப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"அதான் இப்ப வீட்டுக்கு வீடு குழாய் வந்துருச்சே, போர் தண்ணி எதுக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அதுவும் அழுத்தம் இல்லை. ஆகவே வாசலில் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்கியிருக்கிறோம். அந்தக் குழியில்தான் சாக்கடையும் மழைத் தண்ணீரும் தேங்கும். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகும். விரிசல் வழியாக அந்த அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை விடும்போது முதல் குடத்தில் அதுதான் வரும். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் மலத்திலிருந்தும் உரத்திலிருந்தும் வந்த நைட்ரேட் காய்ச்சினால் போகாது. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கேன் வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறவருக்குப் பஞ்சாயத்து கொடுக்கும் சம்பளத்தைக் கேட்டால், அவர் போடுவதே பெரிய விஷயம் என்பீர்கள்.

லாரிகளுக்கும் வழி இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் லாரி கொண்டுவரும் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் ஓடுகிறது. அப்படி ஒன்று பக்கத்தில் இல்லாத வரை, டீசல் கணக்குப் பார்க்கிற டிரைவர் ஏரிக்குத்தான் திருப்புவார். அவரை மட்டும் திட்டி என்ன பயன்?

கதைக்கு வருகிறேன். 2021-லேயே பழைய குழியை மூடிவிட்டு, போரிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி வீட்டின் மறுபக்கம் இரண்டு குழி போட்டோம். அதே கொத்தனார்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிடப் பார்த்தார், ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். முதல் குழி 2024 தையில் நிரம்பியது, மாற்றிவிட்டோம். போன சித்திரையில் லீவில் போயிருந்தபோது மூடியைத் தூக்கினேன். தம்பி மண்வெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நின்றான். மண்தான். மழைக்கு அப்புறம் தோட்டத்தில் வரும் வாசம். ஆறு கூடை வந்தது.

முருங்கைக்குப் போடலாம் என்றேன். "அந்தக் கீரைய யாரு திங்கிறது?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தேன். கடைசியில் ஆறு கூடையும் வாசல் வேப்பமரத்துக்குப் போயிற்று.