அந்த நாவலை இரண்டு விரலால் தூக்கிக் காட்டியவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த புத்தகக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வராதவர்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். மூன்று நாட்களாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இன்று முடிக்காமல் படுக்கப் போவதில்லை.

ஐயா, அழுக்குத் துணியைப் பிடிப்பதுபோல அந்தக் குடும்ப நாவலை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இது பெண்கள் மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் படிப்பது" என்றீர்கள். அரங்கமே சிரித்தது. என் பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்தார். அவருடைய கம்பெனிக்கு இருபது வருடமாகக் கணக்கு எழுதுவது அவர் மனைவி.

விவாகரத்தாகித் திருப்பூருக்குத் திரும்பும் ஒருத்தி, அப்பா படுத்துவிட்டதால் பனியன் கம்பெனியைக் கையில் எடுக்கிறாள். பத்து வருடம் முன்பு அவள் மறுத்தவன் இப்போது ஆர்டர் கொடுக்கும் இடத்தில் இருக்கிறான். இருவரும் மறுபடி நெருங்குகிறார்கள். இவ்வளவுதான் கதை என்று முடித்துவிட்டீர்கள். ஐயா, இவ்வளவு இல்லை. அவர்கள் சேர நினைத்த வாரமே அண்ணன்கள் விடுதலைப் பத்திரத்தோடு வந்து உட்காருகிறார்கள். "மறுமணம் செய்துகொள், பங்கை எழுதிக்கொடுத்துவிட்டுப் போ" என்கிறார்கள். அந்தக் காதல் முழுவதும் ஒரு பத்திரத்தின் முன்னால்தான் நடக்கிறது. குடும்பத் தொழில் உள்ள வீட்டில் பெண்ணின் மனசும் சொத்தும் ஒரே பூட்டுக்குள் இருக்கின்றன. நாவல் சொல்வது அதைத்தான்.

"சமூகப் பார்வை இல்லை" என்றும் சொன்னீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அந்த நாட்களுக்கு நாவலில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. சாயத்துக்குப் போன துணி திரும்பவில்லை. கட்டிங் மேசை வெறுமையாகக் கிடக்கிறது. ஓவர்லாக் தைத்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறார்கள். அதைப் படித்தீர்களா? நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகளைப் பற்றியும், சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றியும் ஒரே வரியில் கடந்து போகிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். அது பெரிய குறைதான். ஆனால் நீங்கள் அதைச் சொல்லவில்லை. தூக்கத்தைப் பற்றித்தான் சொன்னீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். என் அத்தைக்கு 1987-இல் கல்யாணம். நான்கு வருடத்தில் மாமா இறந்துவிட்டார். அத்தை எங்கள் வீட்டுக்கே வந்தார். காலையில் செக்கிங், மாலையில் கூலிக் கணக்கு என்று எங்கள் கம்பெனியில் இருபது வருடத்துக்கும் மேல் உழைத்தார். எம்-80 வண்டியில் வாராவாரம் வரும் நூல் ஏஜென்ட் ஒருவர் அத்தையைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பி, முறையாக வீட்டில் வந்து கேட்டார். நல்ல மனிதர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். ஊர் என்ன சொல்லும் என்பது வெளியே சொன்ன காரணம். கம்பெனிக்குள் வெளியாள் வந்துவிடுவான் என்பது உள்ளே பேசியது. கதவுக்குப் பின்னால் நின்று நானே கேட்டேன்.

மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் சட்டம் வந்தது. அதற்கு முன் மணமானவர்களுக்கு இல்லை. அத்தை இரண்டு வருடத்தில் தவறவிட்டார். 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடவில்லை. எங்கள் வீட்டுப் பத்திரம் 2002-இல் பதிவானது. பின்னால் தகராறு வேண்டாம் என்று அத்தையிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அவர் படித்துப் பார்க்காமலேயே போட்டார். கூலிக் கணக்கில் ஐந்து ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிக்கிற அத்தை, அதை மட்டும் படிக்கவில்லை.

"நிஜத்தில் இப்படிச் சேர்வதில்லையே, கடைசியில் எல்லாம் சரியாகிவிடுகிறதே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆமாம், சரியாகிவிடுகிறது. நிஜத்தில் ஆகாததால்தான் ஒரு புத்தகத்திலாவது ஆகட்டும் என்று ஒருத்தி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். எல்லாக் குடும்ப நாவலும் நல்ல நாவலா என்றால், இல்லை. எல்லாக் கவிதையும் நல்ல கவிதையா? வாழ்நாள் முழுக்கக் குடும்பக் கதைகள் எழுதிய லட்சுமிக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் மருத்துவர். அவரைப் படித்தவர்கள் எல்லாம் தூங்குவதற்காகவா படித்தார்கள்?

அத்தை மாத நாவல்களுக்குச் செய்தித்தாள் அட்டை போட்டுத்தான் படிப்பார். தம்பிகள் பார்த்தால் கேலி செய்வார்கள் என்ற பயம். வேலை முடிந்து, சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி, பதினொரு மணிக்கு மேல் நாற்பது வாட் வெளிச்சத்தில் படிப்பார். மத்தியானம் தூங்கி நான் பார்த்ததே இல்லை. உங்கள் சிரிப்பு என் அத்தையின் அந்த அட்டை மேல் போய் விழுந்தது, ஐயா. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன மாதம் இந்த நாவலை அவருக்குக் கொடுத்தேன். இரண்டே இரவில் படித்துவிட்டார். "அந்தப் பிள்ளை பத்திரத்தில் கையெழுத்துப் போடாமலேயே கல்யாணம் செய்துகொள்கிறாளே, அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார். செய்யலாம் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, புத்தகத்தை நானே வைத்துக்கொள்ளட்டுமா என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த நாவலைப் பற்றிப் பேச என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அத்தையும் வருகிறார். முன் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும்.