இன்னைக்கு ஓட வேண்டாம், கண்ணு

கல்லூரித் தடகள அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி, "வருசத்துக்கு எத்தனை மெடல் கொண்டாருவீங்க?" என்பது. கேட்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "போன சீசன்ல யாரையெல்லாம் ஓட விடாம நிறுத்துனீங்க, எதுக்காக?" இதற்குப் பதில் இல்லாதவர் கையில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது என்பது என் கட்சி.

தமிழ்நாடு–கேரள எல்லையில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகளுக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குப் போனால் பயிற்சியாளர் "மாஷே", இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்கு வந்தால் "பி.டி. சார்". சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படித்த பிள்ளை கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போகிறது. பொள்ளாச்சிப் பிள்ளை பாலக்காட்டுக் கல்லூரியில் சேர்கிறது. டிராக் 400 மீட்டர்தான், விதிப் புத்தகம் ஒன்றுதான். மாறுவது பொறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. தமிழ்நாட்டுப் பக்கம் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கிரிக்கெட் பேட் வாங்குவதிலிருந்து ஸ்போர்ட்ஸ் டே பந்தல் வரை பார்ப்பார், தடகளத்துக்கும் அவரே தலை. கேரளப் பக்கம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் உள்ள கல்லூரியில் கோச் தனி, என்ட்ரி பாரத்தில் கையெழுத்துப் போடும் பேராசிரியர் தனி. இரண்டு ஏற்பாட்டிலும் ஒரே ஓட்டை: பிள்ளைக்கு அடிபட்டால் "நான் ஓடச் சொல்லலியே" என்று எல்லோரும் சொல்லிவிடலாம்.

முதலில் பாயின்ட் ஆசையைச் சொல்கிறேன். எல்லா நிகழ்விலும் எடுத்த பாயின்ட்டைக் கூட்டிக் கொடுக்கும் ஓவரால் சாம்பியன்ஷிப் கோப்பை என்று ஒன்று இருக்கும்வரை, நல்ல 400 மீட்டர் ஓட்டக்காரியை 400, 800, 400 தடை ஓட்டம், இரண்டு ரிலே என்று எல்லாவற்றிலும் பெயர் கொடுப்பது நடக்கும். இரண்டு நாள் போட்டியில் ஹீட்ஸையும் (தகுதிச் சுற்று) ஃபைனலையும் கூட்டினால் ஏழெட்டு முறை முழுவேகம். இரண்டாம் நாள் மாலை ரிலேயில் வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வரும் இடத்தில் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். ஓடும்போது கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் அந்தப் பின்தசைக்கு, அதாவது ஹாம்ஸ்ட்ரிங்குக்கு, அதிக இழுவிசை. களைத்த தசை அங்கேதான் கிழிகிறது. கேட்டால் "வார்ம்அப் சரியா பண்ணலை" என்று பிள்ளை மேல் பழி. என்ட்ரி பாரம் நிரப்பிய அன்றே கிழிந்த தசை அது.

"சரி, பெயர் கொடுத்து வைப்போம், அன்னைக்குப் பார்த்துக்கலாம்" என்பார்கள். அதுவும் தப்பு. உலகத் தடகள விதியின்படி, ஓடுவதாக உறுதி செய்துவிட்டு ஒரு நிகழ்வுக்கு வராமல் போனாலோ, ஹீட்ஸில் தேறிவிட்டு ஃபைனலுக்கு வராமல் போனாலோ, அந்தப் போட்டியில் மீதமுள்ள எல்லா நிகழ்வுகளிலிருந்தும் விலக்கலாம். ரிலேயும் அதில் அடக்கம். 800-ஐ விட்டுவிட்டு 400-க்குக் காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர் இரண்டையும் இழப்பார். பேருக்கு மெதுவாக ஓடிக் கடத்தினாலும் "நேர்மையான முயற்சி இல்லை" என்று அதே விதியில் பிடிக்கலாம். விதிவிலக்கு, போட்டி மருத்துவரின் சான்று. ஆகவே நிறுத்துவதென்றால் உறுதிப்படுத்தும் நேரம் முடிவதற்குள் நிறுத்த வேண்டும். முடிந்துவிட்டால் மருத்துவர் வழியாக நிறுத்த வேண்டும். சின்ன மீட்டில் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் அதை நம்பிப் போகக் கூடாது. புகார் கொடுப்பதற்கும் முடிவு அறிவித்ததிலிருந்து 30 நிமிடம்தான். அந்த அரை மணியில் கேலரியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் பயிற்சியாளர் இல்லை, பார்வையாளர்.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஒரு ஏமாற்று: காற்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். கார்த்திகை மார்கழியில் கிழக்கிலிருந்து. திருவாதிரைக் காற்று என்று அந்தப் பக்கம் அதற்குப் பெயரே உண்டு. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கிறபோது பசங்கள் டைமிங் பறக்காதா? 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதலில் பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் சாதனையாகக் கணக்கில் ஏறாது. 2 மீட்டர் பின்காற்றே ஆண்கள் 100 மீட்டரில் ஏறக்குறைய 0.10 நொடியைக் குறைத்துக் காட்டும். கூடவே ஸ்டாப்வாட்ச் பிழை: கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200-க்கு 0.24 நொடியும், 400-க்கு 0.14 நொடியும் கூட்ட வேண்டும்.

கணக்குப் போடுங்கள். கல்லூரி மைதானத்தில் கை வாட்சில் 11.0. அதோடு 0.24. காற்று 3 மீட்டர் அடித்திருந்தால் இன்னொரு 0.15. பையனின் உண்மை நேரம் 11.4-ஐ ஒட்டி நிற்கிறது. பல்கலைக்கழகப் போட்டியில் மின்னணுக் கருவி 11.41 காட்டும்போது "பயந்துட்டான், ஸ்டேஜ் ஃபியர்" என்று தீர்ப்பு வேறு. அவன் பயப்படவில்லை, மாஷே. நீங்கள்தான் காற்றுக்கு மெடல் குத்தியிருக்கிறீர்கள். கையடக்கக் காற்றுமானி வாங்க வழியில்லையென்றால் ஒரு குச்சியில் ரிப்பன் கட்டுங்கள். நேரம் எடுப்பதை காற்று அடங்கிய விடியலில் வையுங்கள். அல்லது இரண்டு திசையிலும் போதிய ஓய்வு விட்டு ஓடவைத்துச் சராசரி பாருங்கள். எதிர்காற்று பறிப்பது பின்காற்று கொடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடை ஓட்டக்காரிகளுக்கு இது நேரப் பிரச்சினை மட்டுமில்லை. பெண்கள் 100 மீட்டரில் தடைகளுக்கு நடுவே 8.50 மீட்டர், மூன்று காலடி. பின்காற்றில் காலடி நீண்டு தடைக்கு மிக நெருக்கமாக வந்து முட்டியில் அடித்துக்கொள்வார்கள். காற்று மிஞ்சிய நாளில் தடைகளை முழுத் தூரத்தில் வைத்து முழுவேகம் ஓடவிடுவது முட்டாள்தனம். அன்றைக்கு ஸ்டார்ட்டும் முதல் தடையும் போதும்.

இனி வெயில். இதில்தான் "ஓட வேண்டாம்" என்ற சொல் உயிரைக் காப்பாற்றும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வானிலை மையம் வெப்ப அலை எச்சரிக்கையே விட்டது. மாசி பிறந்ததிலிருந்து மாலை 4 மணிப் பயிற்சி வேண்டவே வேண்டாம். சிந்தடிக் டிராக்கின் மேற்பரப்பு காற்றைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். காலை 6 முதல் 8-க்குள் கனமான வேலையை முடித்துவிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: கோவிந்தாபுரம் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிற பிள்ளை நாலரைக்கு எழுந்திருக்கிறது. ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தது என்று கேட்காமல் 300 மீட்டரை ஐந்து முறை கொடுப்பது பயிற்சி இல்லை.

விடுமுறை முடிந்து திரும்பும் வாரங்கள் இன்னும் ஆபத்து. அமெரிக்கக் கல்லூரிகளின் பயிற்சியாளர் அமைப்புகள் 2019-ல் ஒரு கணக்கு வகுத்தன: வழக்கமான அளவில் முதல் வாரம் 50 சதவீதம் குறை, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10. நாமோ ஓணம் லீவு, தீபாவளி லீவு முடிந்து வந்த முதல் நாளே "தின்ன பலகாரமெல்லாம் இறங்கட்டும்" என்று இருபது ரவுண்டு. வேடிக்கையாகத்தான் சொல்கிறோம், ஆனால் தண்டனை ஓட்டம் பயிற்சித் திட்டத்தில் எந்தக் கட்டத்திலும் வராது.

2018 மே மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியின் 19 வயது வீரர் ஓட்டப் பயிற்சியில் வெப்பத்தாக்குதலில் விழுந்தார்; இரண்டு வாரத்தில் இறந்தார். அவரைக் குளிர்நீரில் இறக்கவில்லை என்பதைப் பல்கலைக்கழகமே பின்னர் ஒப்புக்கொண்டது. தலைமைப் பயிற்சியாளரின் வேலை அதே ஆண்டு போனது. அங்கே பணமும் மருத்துவரும் இல்லாமலா? அந்த நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

செய்ய வேண்டியது இது. வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்குதல் என்பது உழைப்பால் வருவதற்குப் பொருந்தாது. தொப்பலாக வியர்த்திருக்கும்போதே வரும். அடையாளம் புத்தி தடுமாறுவது: பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. அப்போது ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, காத்திருக்காமல் கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டுபோவது. அரை மணிக்குள் உடல் சூடு இறங்கியாக வேண்டும். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாய் போதும். ஐந்தாறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் பிள்ளையைப் படுக்கவைத்து, தண்ணீரும் ஐஸும் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருக்கலாம். வாளையார் வழியாகப் போகும் லாரிக்கெல்லாம் தார்ப்பாய் இருக்கிறது, நம் கிரவுண்டில் ஒன்று இருக்கக் கூடாதா? ஐஸுக்கு மீன் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

ஊக்கமருந்துப் பேச்சை, வேண்டுமென்றே ஊசி போடுகிற ஆட்களோடு முடித்துவிடுகிறோம். 2023-ல் இந்தியாவில் ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுத்த மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடைப்பொருள் இருந்ததாக உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் கணக்கு சொல்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி மாநிலப் போட்டிக்கு நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் ஆட்கள் வந்ததும் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். அது வேண்டுமென்றே செய்கிறவர்களின் கதை. தெரியாமல் மாட்டுவது வேறு ரகம். களைப்பாக இருக்கிறது என்று கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வது நம் இரு பக்கமும் சர்வசாதாரணம். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது தடை. ஆஸ்பத்திரியில் முறையாகச் சிகிச்சை பெறும்போதுதான் விலக்கு. அரை லிட்டர் பாட்டில் ஐந்து மடங்கு. பல இருமல் சிரப்களில் இருக்கும் டெர்பூட்டலின் எந்நேரமும் தடை. காய்ச்சலுக்கோ மூட்டு வலிக்கோ போடும் ஸ்டீராய்டு ஊசி, எந்த இடத்தில் போட்டாலும், 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. "டாக்டர் கொடுத்தார்" என்பது மாதிரியில் சிக்கிய பிறகு செல்லாது. உடம்பில் இருப்பதற்கு விளையாடுகிறவரே பொறுப்பு. வேண்டுமென்றே செய்ததாக முடிவானால் நான்கு ஆண்டு, அதாவது டிகிரியும் கடந்துவிடும். சீட்டில் உள்ள மருந்துப் பெயரைப் படம் எடுத்து அனுப்பாமல் எதையும் விழுங்கக் கூடாது என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோடு வந்தவனை ஊசி போட்டு ஓடவைப்பதைவிட வீட்டுக்கு அனுப்பிவிடுவது இரண்டு வகையிலும் நல்லது.

எறிதல் பகுதியைப் பற்றி ஒன்றே ஒன்று. 2019 அக்டோபரில் பாலாவில் நடந்த கேரள மாநில ஜூனியர் போட்டியில், ஈட்டிப் பகுதியில் உதவிக்கு நின்ற 16 வயதுப் பள்ளி மாணவன் மேல் சம்மட்டிக் குண்டு விழுந்து, அவன் பிழைக்கவில்லை. இரண்டு எறிதலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் நடந்தன. கல்லூரி மைதானத்தில் தினமும் நடப்பதும் அதுதான்: ஒரு பக்கம் வட்டு, நடுவில் வாக்கிங் வரும் பெரியவர்கள், ஓரத்தில் ஃபுட்பால். ஒரு நேரத்தில் ஒரு எறிதல், ஒரே திசை, எல்லோரும் எறிந்து முடித்த பிறகே எடுக்கப் போவது, ஈட்டியை நிமிர்த்திப் பிடித்து நடந்து வருவது. கூண்டு வலை கிழிந்திருந்தால் அன்று சம்மட்டி இல்லை.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. தாண்டும் குழியில் ஆற்றுமணல் கிடைக்கவில்லை என்று எம்-சாண்ட் கொட்டுகிறார்கள். அதன் துகள் கூரானது, இறுகிக் கல்லாகிவிடும், கணுக்கால் போகும். மண் டிராக்கில் ஷூவில் 12 மில்லிமீட்டர் ஆணி போட்டுப் பழகியவனைச் சிந்தடிக்குக் கொண்டுபோகும்போது 9 மில்லிமீட்டர் ஆணியும் அதைத் திருகும் சாவியும் பையில் இருக்க வேண்டும், ஓடுவதற்கு முன் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் அறையில் (call room) போய்க் கடன் கேட்கக் கூடாது. மூன்று மாதமாக மாதவிலக்கு வராத பெண்ணை "லேசாயிட்டே, நல்லா ஓடறே" என்று பாராட்டாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தின்பது ஓடுவதற்குப் போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. இதைப் பேச அணியோடு ஒரு பெண் பயிற்சியாளரோ ஆசிரியையோ இருந்தாக வேண்டும். ராத்திரி பத்து மணிக்குத் தனி மெசேஜ் வேண்டாம், குழுவில் போடுங்கள். முதலாண்டில் 17 வயதுப் பிள்ளையும் இருக்கும், அதற்குப் போக்சோ சட்டம் பொருந்தும்.

இவ்வளவும் செய்ய ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். கோப்பை கேட்கிற முதல்வர் முன்னாலும், "எம் பையன் ஓடியே ஆகணும், ஸ்போர்ட்ஸ் கோட்டா சர்ட்டிபிகேட் வேணும்ங்க" என்று நிற்கிற அப்பா முன்னாலும் வெறும் வாய்வார்த்தை நிற்காது. நியமன உத்தரவிலேயே இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: உடல்நிலை, வெயில், பாதுகாப்பு காரணமாக யாரையும் எந்த நிகழ்விலிருந்தும் விலக்கும் முடிவு தலைமைப் பயிற்சியாளருடையது, அப்படி விலக்கியதற்காக அவர் மேல் நடவடிக்கை கிடையாது. கூடவே ஒரு நோட்டு: தேதி, பெயர், நிறுத்திய காரணம், திரும்ப ஓடவிட்ட நாள். ஹாம்ஸ்ட்ரிங் என்றால் வலியில்லாமல் 90 சதவீத வேகம் ஓடிய நாளும், இரண்டு காலின் பலத்துக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வந்ததும் அதில் இருக்க வேண்டும். அடுத்து வரும் மாஷுக்கோ பி.டி. சாருக்கோ சாவிக்கொத்தோடு அந்த நோட்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.