மைக் லீ படங்களில் வசனம் இல்லையா?

"இங்கிலாந்து இயக்குநர் மைக் லீ ஸ்கிரிப்ட்டே எழுத மாட்டார். கேமராவை ஓடவிடுவார், நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்." சினிமா ரசிகர்கள் அடிக்கடி பகிரும் தகவல் இது. பாதி சரி, முக்கியமான பாதி தவறு.

முழுத் திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்குவதில்லை. அதுவரை சரி. ஆனால் நடிகர்கள் கற்பனையாகப் பேசி நடித்துப் பார்ப்பதெல்லாம் மாதக்கணக்கில் நடக்கும் ஒத்திகையில்தான். அதிலிருந்து அவர் காட்சியைச் செதுக்குவார். படம் பிடிக்கும்போது வசனம் ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

'வேரா டிரேக்' (2004) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் லண்டனில் சட்டவிரோதமாகக் கருக்கலைப்புக்கு உதவும் ஒரு பெண்ணின் கதை. ஒத்திகையில் குடும்பமாக நடித்தவர்களுக்கு அந்த ரகசியம் தெரியாது. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கதவு தட்டப்பட்டது, போலீஸ் வேடத்தில் நடிகர்கள் நின்றார்கள். அந்த அதிர்ச்சி நிஜம். ஆனால் திரையில் நாம் பார்ப்பது அதன் பதிவு அல்ல, பின்னர் வடிவமைத்து எடுத்த காட்சி.

வசனமே இல்லாதவர் என்றால் திரைக்கதைக்காக ஐந்து முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது எப்படி? (ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, அது வேறு கதை.)

இன்னொன்றும் சொல்வார்கள்: 1971-இல் முதல் படம், அடுத்தது 1988-இல், நடுவில் சும்மா இருந்தார் என்று. சும்மா எங்கே இருந்தார்? பிபிசிக்காகத் தொலைக்காட்சிப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்.