காசு கொடுத்தவனுக்கு மட்டும் பூட்டு

போன ஞாயிறு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய கார் பந்தய கேம் டிஸ்க் கிடைத்தது. 2005 வாக்கில் அப்பாவை ஒரு மாதம் நச்சரித்து வாங்கிய ஒரிஜினல். அட்டைப்பெட்டி, குட்டிப் புத்தகம், சீரியல் நம்பர் ஒட்டின உறை எல்லாம் அப்படியே இருக்கிறது. டிஸ்க்கில் ஒரு கீறல் கிடையாது. டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து இன்ஸ்டால் செய்தேன். ஐகானைத் தட்டினால் நீல வட்டம் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுபோனது. என்ன கோளாறு என்று ஒரு வரி கூட வரவில்லை. "அவ்வளவுதானாப்பா?" என்றான்.

கோளாறு கேமில் இல்லை, அதன் மேல் போட்ட பூட்டில். நகல் எடுப்பதைத் தடுக்க அந்தக் காலத்தில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்று சில பூட்டுகள் இருந்தன. சேஃப்டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். வீட்டு சிடி ரைட்டரால் சரியாக எழுத முடியாத சில இடங்களை டிஸ்க்கில் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். கேமை ஓட வைக்கும் இஎக்ஸ்இ கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். டிஸ்க் அசல்தான் என்று தெரிந்தால்தான் அது அவிழும். இந்தச் சோதனையில் செக்டிரைவ் என்ற டிரைவருக்கும், அதாவது விண்டோஸுக்குள் ஓடும் ஒரு துணை மென்பொருளுக்கும், பங்கு உண்டு. அது ஓடுவது விண்டோஸின் கருவறையில், கெர்னலுக்குள்.

வினை அங்கேதான். சாதாரண யூசராக நுழைந்தவர் அந்த டிரைவர் வழியாக முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம் என்று 2007-இல் ஓர் ஓட்டை வெளியே வந்தது. மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது டிரைவரையே தூக்கிவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் விஸ்டா, 7, 8-லும் முடக்கினார்கள். இதில் மைக்ரோசாஃப்டை நான் திட்டமாட்டேன். ஒரு கேமுக்காக வீட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்திருக்க முடியாது.

'கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டுப் பார், அட்மினாக ரன் பண்ணு' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். முதலாவது விண்டோஸ் பதிப்பைப் பற்றி கேமிடம் சொல்லும் பொய், இரண்டாவது கேமுக்குக் கொடுக்கும் கூடுதல் அதிகாரம். இல்லாத டிரைவரை இவை எங்கிருந்து கொண்டுவரும்? எங்கிருந்தோ அந்த டிரைவர் கோப்பை இறக்கி, டிரைவர் நம்பகமானதா என்று விண்டோஸ் பார்க்கும் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு உள்ளே திணிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதே மெஷினில்தான் உங்கள் பேங்க் பாஸ்வேர்டும் இருக்கிறது.

நேரான வழி, பூட்டு இல்லாத பதிப்பை வாங்குவது. ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடை 2008-லிருந்து அப்படித்தான் விற்கிறது. ஆனால் கார் கேம்களுக்குக் கார் கம்பெனி உரிமம், பாட்டு உரிமம் என்று ஆயிரம் சிக்கல். என் கேம் இன்று எந்தக் கடையிலும் இல்லை. இரண்டாவது முறை காசு கொடுக்கத் தயாராக இருந்தும் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அன்று பர்மா பஜாரில் நகல் சிடி வாங்கிய எதிர்வீட்டு நண்பனைப் பார்த்து நான் நக்கலடித்திருக்கிறேன். பூட்டை உடைத்த நகல் அது. இன்றும் அவனிடம் ஓடும் என்றுதான் நினைக்கிறேன். கம்பெனிகளுக்கும் இது தெரியாததல்ல. 2008-இல் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 என்ற கேமின் பூட்டுச் சிக்கலுக்கு யூபிசாஃப்ட் கம்பெனி தந்த ஒரு தீர்வுக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ரீலோடட் என்ற, பூட்டு உடைக்கும் கிராக் கோஷ்டியின் முத்திரை! திருடனிடமே சாவி வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. விற்பதை நிறுத்தும் நாளில் பூட்டைக் கழற்றும் ஒரு பேட்ச், அதாவது ஒரு சின்னத் திருத்தக் கோப்பு. சில எம்பி கூட வராது. சர்வர் செலவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2012-இல் நம் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சொந்த டிஸ்க்கைத் தன் வீட்டில் ஆடுபவர் இதில் வரமாட்டார் என்பது என் வாசிப்பு. வக்கீல் நண்பர்கள் திருத்தலாம்.

அதுவரை எனக்கு ஓர் உதவி. யார் வீட்டுப் பரணிலாவது எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர் கிடந்தால் சொல்லுங்கள். நெட் வேண்டாம். டிஸ்க் டிரைவ் சுற்றினால் போதும். பையன் தினமும் கேட்கிறான்.